சுவர் ஆடவில்லை

அலுவலகத்தில் அவளுக்கு 'முக்காலி' என்று பெயர். கேலிப் பெயர் அல்ல, உழைத்துச் சம்பாதித்த பட்டம். கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றாளென்றால் தரையில் வேர் பிடித்துவிட்டது போலப் படம் இம்மி அசையாது. மற்ற கேமராக்காரர்கள் நிஜ முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி, மூச்சு வாங்கி, அதன் காலை விரித்து, திருகைத் தொலைத்துவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பியிருப்பாள்.

அந்தப் பெண்ணைத்தான், திங்கட்கிழமை மதியம், கேண்டீனில் அத்தனை பேரும் கரண்டியும் வாயுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், நிர்வாக இயக்குநர் எழுந்து நின்று கௌரவித்தார்.

"நமது மூத்த சகோதரியின் கரங்கள் சற்றே நடுங்குகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலம் எல்லோரையும் தொடும்."

கரண்டிகள் நின்றன. எல்லாக் கண்களும் அவள் கையைப் பார்த்தன. அவள் அப்போது தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கீழே வைத்தால் நடுக்கத்தை மறைக்கிறாள் என்பார்கள், தூக்கிக்கொண்டே இருந்தால் பரீட்சை எழுதுவது போலிருக்கும். ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தாள்.

நிர்வாக இயக்குநரை முகத்துக்கு எதிரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'தொலைநோக்கு' என்பார்கள். எதைப் பேசினாலும் அதில் ஒரு தொலைநோக்குப் பார்வை இருக்கும். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனால்கூடத் தண்ணீரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசி அனுப்பிவைப்பார். குழாய் ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

விஷயம் இதுதான். அந்தச் சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் வாராவாரம் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. படம் பிடிப்பது அவள், எடிட் செய்வது அவள் கணவர். புதுக் கேமரா வந்த நாளிலிருந்து அந்த நிகழ்ச்சியில் ஓடுகிறவன், தாண்டுகிறவன், பந்து வீசுகிறவன் எல்லாரும் குளிர்காய்ச்சல் கண்டவர்கள் போல வெடவெடவென்று உதறிக்கொண்டு ஓடினார்கள். நிகழ்ச்சிக்குப் பணம் போடும் டயர் கம்பெனிக்காரர் போன் பண்ணினார். "எங்க டயரைப் போட்டா வண்டி இப்படித்தான் குலுங்கும்னு ஜனங்க நினைச்சுக்கிட்டா, பதில் யாரு சொல்றது?"

உடனே விசாரணை நடந்தது. கேமராவில் கோளாறா? அது தொலைநோக்கே நேரில் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த கேமரா, ஆகவே இருக்க முடியாது. எடிட்டிங்கில் கோளாறா? எடிட்டர் எல்லாவற்றையும் வெளி மானிட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியதாகச் சொன்னார், ஆகவே இருக்க முடியாது. பெரியவர்களை எல்லாம் கழித்தபின் மிச்சம் இருந்தது ஒரு ஜோடிக் கை. மிஞ்சியவர் தலையில் மிளகாய் அரைப்பதற்கு இங்கே விசாரணை என்று பெயர்.

வெளி மானிட்டர் என்பது என்ன என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். டிவிப் படம் நாம் நினைப்பது போல ஒரே மூச்சில் வருவதில்லை. படத்தைக் கோடு கோடாகப் பிரித்து, ஒற்றை வரிகள் ஒரு தவணையாகவும் இரட்டை வரிகள் அடுத்த தவணையாகவும் வரும். இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்த மாதிரி இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஒரு படம். எந்தப் பாதி முதலில் என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். எடிட்டிங்கில் அந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. பிறகு நடந்தது முன்னால் வரும், முன்னால் நடந்தது பிறகு வரும், ஓடுகிறவன் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாகத் துடித்துக்கொண்டே ஓடுவான். கம்ப்யூட்டர் திரையில் இந்தக் குட்டு வெளிப்படாது, அது இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிச் சமாளித்துவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு பழைய டியூப் மானிட்டர். ஜனங்கள் வீட்டில் எதைப் பார்ப்பார்களோ அதையே அது காட்டும். அதில் ஒரு தடவை முழுக்கப் பார்க்காமல் எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம்.

அவளும் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாள். "என்னங்க, வரிசை ஏதாவது மாறியிருக்குமோ?"

கணவர் சிரித்தார். அவரை எடிட்டர் என்று சொன்னாலே பிடிக்காது, 'படத்தொகுப்புக் கலைஞர்' என்று சொல்ல வேண்டும். ஒரு வெட்டுப் போடுவதற்கு முன் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்து விடுவார். கைப்பந்துப் போட்டியில் நடுவர் விசில் ஊதும் இடமாக இருந்தாலும் சரி.

"எனக்கே வரிசை சொல்லித் தர்றியா?" என்றார். "வெளி மானிட்டர்ல பாத்துட்டுதான்மா அனுப்பறேன். வெண்ணெய் மாதிரி ஓடுது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. புருஷன் சொல்கிறார், அதுவும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

தொலைநோக்கு கேண்டீனில் சொல்லாமல் விட்டதைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நகரத்துச் சைக்கிள் பந்தயத்தைப் படம் பிடிக்கும் உரிமை நிலையத்துக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த நாளிலிருந்து அந்தப் பந்தயம் அவளுடையது என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் முன்னுக்குப் பின்னாகத் திரும்பி உட்கார்ந்து, பாய்ந்து வருகிற சைக்கிள் கூட்டத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் அதைச் செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் வண்டியில் திரும்பி உட்கார்ந்து ஒத்திகை பார்த்து, தெருவில் எல்லாரும் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறாள் என்று நினைக்கும்படி ஆகியிருந்தது.

"பந்தயத்தை என் மைத்துனர் பார்த்துக்கொள்வார்" என்றார் தொலைநோக்கு. "வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முறைப்படி முடிவாகும். உங்களுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு. காப்பகத் தலைவர்!"

காப்பகம் என்பது தரைக்கு அடியில் இருக்கும் அறை. பழைய டேப்புகளும் தூசி தட்ட ஒரு துணியும் இருக்கும். தலைவருக்கு அந்தத் துணி.

"சார், என் கை நடுங்கலை."

"டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்களேன்" என்றார் அவர், குழாய்க்குப் பதில் சொன்ன அதே கருணையோடு.

மறுநாள் ராத்திரி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி, அவற்றின் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாள். காகிதம் அசையவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டேயிருந்ததில் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அசைவது போலிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அசைவது போலவேதான் இருந்தது. ஒரு மனுஷியைப் பைத்தியமாக்க வேண்டுமென்றால் அடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம். உன் கை நடுங்குகிறது என்று சபையில் சொன்னால் போதும். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

புதன்கிழமை சாயங்காலம் கணவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே ஒரு மாத்திரை டப்பா, ஒரு ரப்பர் பந்து.

"நரம்புக்கு நல்லதாம். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்கோ. இந்தப் பந்தைச் சும்மா இருக்கறப்பல்லாம் அமுக்கிட்டே இரு."

"அப்ப நீங்களும் நடுங்குதுன்னுதான் நினைக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்வேனா? ஒரு தெம்புக்குத்தான்மா." தலையைத் தடவிக் கொடுத்தார். "என்ன ஆனாலும் நான் இருக்கேன்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே எதிரே நின்றாலும் இந்த மனுஷன் பக்கத்தில் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய மாத்திரை. அதையும் விழுங்கினாள்.

வியாழக்கிழமை காலை நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் மாமியார். ஒரு காலத்தில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து வரிசையைக் கட்டி மேய்த்த பெண்மணி. டிவியில் வருகிறவர்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார், ஒருவரும் ஒழுங்காக நிற்பதில்லை என்று குறை.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வா" என்றார். "ஓடத் தெரியாதவனையெல்லாம் எதுக்குப் படம் புடிக்கிற?"

"அவன்தான் அத்தை முதலாவதா வந்தவன்."

"இவனா? கள்ளுக் குடிச்ச குரங்கு மாதிரி ஓடுறான்! பின்னாடி சுவரு எவ்வளவு சிவனேன்னு நிக்குது பாரு. அந்தச் சுவருக்கு இருக்கிற ஒழுக்கம் இவனுக்கு இல்ல."

அவள் சீப்பும் கையுமாக நின்றுவிட்டாள்.

மைதானத்தின் மதில் சுவர். அதில் பெயிண்டில் எழுதிய எழுத்துகள். சுவர் ஆடவில்லை, எழுத்து ஆடவில்லை, சுவர்மேல் உட்கார்ந்திருந்த காக்கை ஆடவில்லை. ஓடுகிறவன் மட்டும் உதறிக்கொண்டு ஓடினான். கேமரா அவள் தோளில். தோள் நடுங்கினால் சுவர் அல்லவா முதலில் நடுங்க வேண்டும்? ஓடுகிறவனை மட்டும் தனியாகப் பிடித்து ஆட்டுவதற்கு அவள் கை என்ன மந்திரக்கோலா?

"அத்தை, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்."

"டாக்டர் வேண்டாம்னிருக்காரு" என்றார் மாமியார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எடிட்டிங் அறையில் எந்நேரமும் குளிர். கணவர் சால்வை போர்த்திக்கொண்டு இரண்டு அகலத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் வெளி மானிட்டர். அதன் தலைமேல் அவருக்கு எங்கோ எதற்கோ கொடுத்த கேடயங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒலிப்பதிவாளர் ஒரு மூலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் 'சவுண்டு' என்பார்கள்.

"ஓட்டப்பந்தயத்தைப் போடுங்க" என்றாள், உட்காராமல்.

"எதுக்கும்மா அதையே பாத்து மனசைக் கெடுத்துக்கிற?"

"போடுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் சவுண்டு எழுந்தார். "எனக்குக் கீழே ஒரு ஒயர் இருக்கு" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, சுருட்டிய ஒயரை மறந்துவிட்டுப் போனார்.

படம் ஓடியது. கம்ப்யூட்டர் திரையில் ஒழுங்காக ஓடினான். வெளி மானிட்டரிலும் ஒழுங்காக ஓடினான். கணவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தியா? வெண்ணெய். நான் சொன்னேன்ல, இங்க ஒரு தப்பும் இல்ல."

"இங்க தப்பு இல்லைன்னா என் கையிலயும் தப்பு இல்லைங்க. கை ஆடியிருந்தா இங்கயும்தானே ஆடணும்? என் கை என்ன, ஜனங்க வீட்டு டிவியில மட்டும் ஆடுமா?"

அவர் வாய் திறந்தது. கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, மூச்சு மட்டும் வெளியே வந்தது.

அவள் மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஓடுபாதையின் சாய்ந்த வெள்ளைக் கோடுகள் நேராக இல்லை, ஏணிப்படி மாதிரி துண்டு துண்டாகத் தெரிந்தன. முகங்களும் மொத்தையாக இருந்தன.

"ஏன் இப்படிக் கரடுமுரடா இருக்கு?"

"பழைய மானிட்டர்..."

"போன வருஷம் இதுலதான் ஒரு பொண்ணோட மூக்குத்திக் கல்லை எண்ணிப் பாத்தோம். பழைய மானிட்டராம்." மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மானிட்டருக்குப் படம் அனுப்பும் பட்டியலைத் திறந்தாள். அங்கே இருந்தது: ஒரு பாதி மட்டும் காட்டு.

அதன் கதை சின்னக் கதை. ஓடுகிற படத்தை நடுவில் நிறுத்தினால் வெளி மானிட்டரில் இரண்டு பாதியும் மாறி மாறி வந்து படபடவென்று அடிக்கும். அது கலைஞருக்குத் தலைவலி கொடுத்தது. அதனால் ஒற்றை வரிகளை மட்டும் காட்டச் சொல்லிவிட்டார். பாதியை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டு பாதியில் எது முந்தியது என்பது எந்தக் காலத்தில் தெரியும்? இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு பார்ப்பதைவிட இது ஆபத்து. கண்ணைப் பொத்தியவன் தான் பார்த்ததாகச் சத்தியம் பண்ண மாட்டான்.

அவள் முழுப்படத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட விட்டாள். கேடயங்களுக்குக் கீழே ஓட்டக்காரன் வெடவெடத்துக்கொண்டு ஓடினான். சுவர் சிவனே என்று நின்றது.

"கவனிக்கல்லம்மா" என்றார் கணவர். "புதுக் கேமரா இரட்டை வரியை முதல்ல அனுப்புது. பழசு ஒற்றை வரியை. நான் பழசுக்குப் போட்ட மாதிரியே போட்டுட்டேன். மனுஷன்தானே. யாருக்கும் நடக்கும்."

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள். கொஞ்சம் திட்டிவிட்டு மன்னித்திருப்பாள். ஆனால் அவர் இவ்வளவு சரளமாகச் சொன்னதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போதுதான் தெரிந்தவன் இத்தனை தெளிவாகச் சொல்வானா?

"இந்த வாரத்து நிகழ்ச்சியைப் போடுங்க."

"அது இன்னும் முடியல..."

"நேத்தே முடிச்சாச்சுன்னு வீட்ல சொன்னீங்க."

அவளே திறந்து போட்டாள். நீச்சல் போட்டி. தண்ணீர் தெறித்தது, கைகள் சுழன்றன, முழுப்படத்தில் பார்த்தபோதும் ஒரு துளி உதறல் இல்லை. அதுவும் அவள் பிடித்ததுதான். அதே கேமரா, அதே தோள். அமைப்பைப் பார்த்தாள். இரட்டை வரி முதலில்.

"எப்பத் தெரியும்?"

அவர் சால்வை நுனியைத் திருகினார்.

"கேக்கறேன்ல. எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"மாத்திரை வாங்கிட்டு வந்தது புதன்கிழமை."

"முழுசாக் கேளு. நான் யோசிச்சுதான் பண்ணினேன். இந்த வாரம் படம் நல்லா வரும். எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. மாத்திரை சாப்பிட்டா, சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம். உனக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் கெட்ட பேரு இல்ல. பாம்பும் சாகும், கோலும் முறியாது."

"நான்தான் பாம்பா?"

"ஐயோ, பழமொழிம்மா."

"வெள்ளிக்கிழமை கூட்டம். படம் வரது சனிக்கிழமை. அதுக்குள்ள பந்தயம் அந்த மைத்துனன் கைக்குப் போயிடும், நான் தூசித் துணி கைக்குப் போயிடுவேன். அது தெரியாதா?"

"தெரியும்." அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, இருபது வருஷம் ஆனாலும் மறக்க முடியாத அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். "காப்பகத்துலயும் அதே சம்பளம்தானேம்மா? எப்படி இருந்தாலும் ஒரே வீட்டுக்குத்தானே வருது. என் பேரு போச்சுன்னா வேற யாரு என்னைக் கூப்பிடுவா? நீ பொம்பளை, வெயில்ல அலையறதுக்குப் பதிலா உள்ள உக்காந்து..."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். பாவம், மாமியார்கள் மேல்தான் பழி. இங்கே குடத்தை உடைத்தவர் புருஷன், உடைந்த ஓட்டைப் பொறுக்கி அவள் மடியில் வைத்தவரும் அவர், அவள் விரலில் ரத்தம் வருகிறதே என்று மருந்து வாங்கி வந்தவரும் அவர்.

"எந்திரி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையில்கூட. அவருக்குக் காது கேட்டது, புரியவில்லை.

"என்ன?"

"எந்திரிய்யா. நான் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு ரூமுக்குள்ள நிக்கிறேன், நீ வெளிய உக்காந்து பேப்பர் படிச்சே. நான் பந்தை அமுக்கறேன், நீ நல்லா அமுக்குன்னு சொன்னே. தலையை வேற தடவுனே. அதை நினைச்சாத்தான்யா எனக்கு உடம்பு கூசுது. எந்திரிச்சு வா."

"எங்க?"

"உன் பேரு எங்க இருக்கோ அங்க."

தொலைநோக்கின் அறையில் மைத்துனரும் இருந்தார். பந்தயத்துக்காகத் தைத்த பளபளப்பான மேல்சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் 'தலைமை ஒளிப்பதிவாளர்' என்று எழுத்து. கேமராவை இன்னும் தொட்டிருக்கவில்லை.

அவள் சொன்னதையெல்லாம் தொலைநோக்கு விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

"மகிழ்ச்சி" என்றார். "உண்மை எப்போதும் வெளிவரும். ஆனால் பாருங்க, சில முடிவுகளை எடுத்தாச்சு. சட்டையும் தைச்சாச்சு. இது கணவன் மனைவி விவகாரம். குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள்ள வெச்சுக்கணும். நாளைய தலைமுறை..."

"சார், டயர் கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள். "புதுக் கேமரா மத்தக் கேமராவுக்கெல்லாம் தலைகீழா அனுப்புது. அதை வாங்கினவங்க யாருக்கும் சொல்லல, அதனாலதான் இத்தனையும்னு."

"கேமராவா?"

"ஒண்ணு கேமரா. இல்லைன்னா எடிட்டிங். கை இல்லைன்னு ஆயிடுச்சு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க, அதையே நானும் சொல்றேன்."

தொலைநோக்குக்குத் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கிட்டப்பார்வை வந்தது. மேஜைக்கு எதிரே சால்வையோடு நின்ற எடிட்டர் மிக அருகில், மிகத் தெளிவாகத் தெரிந்தார்.

"எடிட்டிங்தான்" என்றார். "சந்தேகமே இல்லை. என்னய்யா இப்படிப் பண்ணிட்ட?"

மைத்துனர் சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தபடி நின்றார்.

"பந்தயம் எனக்கு" என்றாள். "அப்புறம், கேண்டீன்ல சொன்னதைக் கேண்டீன்லயே மாத்திச் சொல்லணும். இப்பவே. சாப்பாட்டு நேரம்தான்."

"அவசியமா? ஒரு அறிவிப்பா ஒட்டிடலாமே..."

"என் கையைப் பத்திச் சொன்னப்ப ஒட்டலையே சார். வாயாலதானே சொன்னீங்க."

கேண்டீனில் மறுபடி கரண்டிகள் நின்றன. தொலைநோக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "தொழில்நுட்பம் என்பது ஒரு நதி. நதியில் சில சமயம் சுழல்கள்..."

"சார், நீங்க உக்காருங்க. இவரு சொல்வாரு."

அவர் உட்கார்ந்தார். எதிர்காலத்தை இவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை.

கணவர் சால்வையைச் சரி செய்துகொண்டார். "நண்பர்களே, படத்தொகுப்பு என்பது காலத்தோடு நடத்தும் ஒரு..."

"சுருக்கமா" என்றாள் அவள்.

"ஒரு அமைப்பு மாறியிருந்தது."

"தானா மாறிச்சா?"

"நான்... மாத்தாம விட்டுட்டேன். படம் ஆடினது அதனாலதான். இவ கைக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அவர் அவளைப் பார்த்தார். அப்புறத்தை மட்டும் விட்டுவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. பொண்டாட்டியிடம் தனியாக இருக்கும்போது பார்க்கும் பார்வையை அத்தனை பேர் முன்னால் பார்த்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று ஒரு கணம் பயந்தாள், வரவில்லை.

"செவ்வாக்கிழமையே தெரியும். சொல்லல."

 தூரத்து மேஜையிலிருந்து சவுண்டு மட்டும், "அடப்பாவி, அந்தம்மாவுக்கு மாத்திரை எங்க வாங்கலாம்னு என்னையில்ல கேட்ட" என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கே கேண்டீன் திடீரென்று சின்னதாக, எண்ணெய் வாடையோடு, இத்தனை நேரம் சண்டை போடும் அளவுக்குப் பெரிய இடமாக இல்லாதது போலத் தோன்றியது. கோபம் அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்டால் கோபம் தணியும் என்று எவனோ மன்னிப்புக் கேட்கிறவன்தான் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

தாழ்வாரத்தில் கணவர் பின்னாலேயே வந்தார்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்ட."

"நான் வாங்கல. என்னுதை நீ எடுத்துட்டுப் போயிருந்தே, அதைத் திருப்பி வாங்கினேன். உன்னுது எங்க விழுந்துச்சோ எனக்குத் தெரியாது."

"சரி, சொல்லிட்டேன். போதுமா? வீட்டுக்குப் போனா பேசுவியா?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"பந்தயத்தை யாரு எடிட் பண்றது?" என்றார். அவருக்கு உண்மையான கவலை அதுதான்.

"நீதான்."

அவர் முகம் மலர்ந்தது. பாதிப் படத்தைப் பார்த்தே பழகிய மனிதர்.

பந்தய நாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே சாலையை அடைத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் அவள் திரும்பி உட்கார்ந்தாள், இடுப்பைப் பட்டையால் ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டினார்கள். கொடி அசைந்தது. சைக்கிள்கள் ஒரு மலைப்பாம்பு போல வளைந்து அவள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தன. முன்னால் வந்தவனின் பல் கடிப்பு, கழுத்து நரம்பு, மூக்கு நுனியில் தொங்கிய வியர்வை, எல்லாம் கட்டத்துக்குள் வந்தது. படம் இம்மி அசையவில்லை.

அவள் வாய் மட்டும் நிற்கவில்லை.

"வெண்ணெய் மாதிரி ஓடுதாம். தலைவலிக்குதாம், பாதியைத்தான் பாப்பானாம். ஒரே வீட்டுக்குத்தானே வருதாம். வருதுடா, வருது. சால்வையைப் போத்திக்கிட்டு கலைஞனாம் கலைஞன், நாலு கேடயத்தை மானிட்டர் மண்டையில ஏத்திட்டா... வளைவு வருது, மெதுவா எடு தம்பி... உன்னைச் சொல்லலைப்பா, நீ ஓட்டு. அவனைச் சொல்றேன். பொம்பளை வெயில்ல அலைய வேண்டாமாம். இந்தா அலையறேன், பாரு. முழுசாப் பாரு."

காதில் மாட்டியிருந்த கருவி கரகரத்தது. பின்னால் வேனில் வந்துகொண்டிருந்த சவுண்டு.

"அக்கா, கேமரா மைக்கு ஓடிட்டிருக்கு. நீங்க பேசறது அத்தனையும் பதிவாகுது. அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம்."

"எடிட் பண்றப்ப முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அவரு கேட்டாகணுமே அக்கா. சத்தம் கேட்காம வெட்ட முடியாது."

"தெரியும்" என்றாள் அவள். "எத்தனை கிலோமீட்டர் பாக்கி?"

"இன்னும் பாதிகூட ஆகலை."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, கேமராவைத் தோளில் ஒரு தடவை அழுத்தி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.